கடல் ஒன்றுதான், துறைமுகப் படகில் மட்டும் கொட்டலசு ஏன் அப்புகிறது?

பாகூர் கொம்யூனின் மூர்த்திக்குப்பத்திலோ பனித்திட்டிலோ மணலில் ஏற்றி வைத்த பைபர் படகின் அடியைத் தடவிப் பாருங்கள். கையை உறுத்தாது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மாதக்கணக்கில் மிதந்த விசைப்படகைக் கரையேற்றினால், அடியெங்கும் கொட்டலசு. ஏன்?

நீரில் கிடக்கும் எந்தப் பரப்பிலும் சில மணி நேரத்திலேயே பாக்டீரியாக்கள் படிந்து வழுவழுப்பான படலம் உண்டாகும். அடுத்து வருவது கொட்டலசின் பொடிக் குஞ்சு. உணர்கொம்புகளை ஊன்றி நடந்து இடம் பார்க்கும். தன் இனம் ஏற்கெனவே குடியேறிய இடம் என்றால் அதற்கு இன்னும் பிடிக்கும். பிறகு பசை சுரந்து, தலையை ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் சுண்ணாம்புச் சுவர் எழுப்பும். அதன்பின் ஆயுளுக்கும் நகராது. காலால் இரையை வாரித் தின்னும். இது நண்டுக்கும் இறாலுக்கும் உறவு என்பது எனக்கு இன்றும் வியப்புதான்!

அன்றாடம் கரையேறும் படகில் இந்தக் குஞ்சுகள் வெயிலில் காய்ந்து மடிகின்றன. மிதந்தே கிடக்கும் படகில் வளர்கின்றன. அடி சொரசொரப்பானால் நீர் படகைப் பிடித்து இழுக்கும். டீசல் கூடுதலாக எரியும்.

அதனால்தான் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளை ஏற்றிச் சுரண்டி, பெயின்ட் அடிக்கிறார்கள். அடிப்பக்கத்துக்கான பெயின்ட்டில் செம்புச் சேர்மம் இருக்கும். குளியல் சோப்பு தேய்வதுபோல அது மெல்லக் கரைந்து, ஒட்ட வரும் குஞ்சுகளைத் தடுக்கும். சோப்பு தீர்ந்தால்? மறுபடி அடிக்கத்தான் வேண்டும்.

செம்பைவிட வீரியமான டின் சேர்மப் பெயின்ட்டும் முன்பு இருந்தது. அதனால் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளர்ந்தது. கப்பல்களில் அதைத் தடைசெய்யும் பன்னாட்டு ஒப்பந்தம் 2008இல் நடைமுறைக்கு வந்தது. செம்பும் நஞ்சுதான். சுரண்டிய தூளை மணலில் விடாமல் தார்ப்பாய் விரித்து அள்ளிவிடுங்கள்.