தண்ணீரில் போன கரி

சுரங்கக்காரனுக்கு முதல் எதிரி தண்ணீர். தோண்டத் தோண்ட ஊறும், இறைத்துக் கட்டுப்படியாகாது. மான்செஸ்டருக்கு அருகே வொர்ஸ்லியில் நிலக்கரி நிலம் வைத்திருந்த பிரான்சிஸ் எகர்ட்டன், பிரிட்ஜ்வாட்டர் கோமகன், அந்தத் தண்ணீரிலேயே கரியை ஏற்றி அனுப்பினார்.

1736இல் பிறந்தவர். அண்ணன் இறந்துபோக, பதினோரு வயதிலேயே பட்டம் வந்துவிட்டது. லண்டனின் பேரழகி எலிசபெத் கன்னிங்குடன் நிச்சயமான திருமணம் 1758இல் முறிந்தது. மனம் வெறுத்து கரியில் இறங்கினார் என்பார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. வொர்ஸ்லி ஓடையைப் படகு போகும்படி வெட்ட 1737லேயே அப்பா நாடாளுமன்றத்தில் அனுமதி வாங்கியிருந்தார். மகனும் இளவயதுப் பயணத்தில் பிரான்சின் தெற்குக் கால்வாயைக் கண்ணால் பார்த்தவர்.

வொர்ஸ்லியிலிருந்து மான்செஸ்டருக்குக் கால்வாய் வெட்டும் திட்டத்தைத் தீட்டியதில் காரியஸ்தர் ஜான் கில்பர்ட்டுக்குப் பெரும் பங்கு. கட்டியவர் ஜேம்ஸ் பிரிண்ட்லி. எழுதப் படிக்கத் தடுமாறிய ஆலைத் தச்சர். இர்வெல் ஆற்றின் குறுக்கே பார்ட்டனில் சுமார் 12 மீட்டர் உயரத்தில் கல்பாலம் கட்டி, அதன்மேல் கால்வாயை ஓட்டினார். கசியாமலிருக்க, களிமண்ணை நீர்விட்டுப் பிசைந்து, மிதித்து இறுக்கிப் பூசினார்கள். 1761 ஜூலையில் கீழே ஆற்றுப் படகு போக, மேலே கரிப் படகு போயிற்று. மான்செஸ்டரில் கரி விலை ஏறக்குறைய பாதியாக இறங்கியது.

ஆனால் உண்மையான வித்தை மண்ணுக்கடியில். குன்றுக்குள் குடைந்த கால்வாய் சுரங்க நீரை வடித்தது, வடிந்த நீர் வெளிக்கால்வாயை நிரப்பியது, கரி வெட்டிய இடத்திலேயே படகில் ஏறியது. ஒடுங்கிய அந்தப் படகுகளில் ஆட்கள் மல்லாந்து படுத்து, கூரையைக் காலால் உதைத்து நகர்த்தினார்கள். இந்த இருட்டு வழிகள் பின்னாளில் நான்கு மட்டங்களில் 74 கிலோமீட்டர்வரை வளர்ந்தன. 1842இல் சட்டம் தடுக்கும்வரை பிரிட்டனின் சுரங்கங்களில் பெண்களும் சிறு பிள்ளைகளும் வேலை செய்தார்கள். வொர்ஸ்லியும் விலக்கல்ல.

கோமகன் கறார்ப் பேர்வழி. உணவு இடைவேளை முடிந்து தாமதமாக வந்த ஆட்கள், ஒரு மணிக்கு ஒரே ஒரு அடி அடித்தது காதில் விழவில்லை என்றார்களாம். பதின்மூன்று அடி அடிக்கும்படி கடிகாரத்தை மாற்றச் சொல்லிவிட்டார் என்பது ஊர்க்கதை. தன் செலவிலும் அதே கறார். இருந்தும் கால்வாயை மெர்சி நதிவரை நீட்ட 1765இல் லண்டன் வங்கியொன்றில் 25,000 பவுண்டு கடன் வாங்கினார். 1776இல் ரன்கார்னில் அது முடிந்தபின்தான் பணம் கொட்டியது.

அந்தப் பணத்தில் கொஞ்சம் ஓவியங்களுக்கும் போனது. 1798இல் உறவினர் இருவரோடு சேர்ந்து பிரான்சின் ஆர்லியன்ஸ் சேகரிப்பின் ஓவியங்களை வாங்கினார். மணம் செய்யாமலே 1803இல் இறந்தார். அந்தச் சேகரிப்பிலிருந்த டிஷியனின் ஓவியமொன்றை, 2009இல் லண்டன், ஸ்காட்லாந்து தேசியக் கலைக்கூடங்கள் 5 கோடி பவுண்டு கொடுத்து அவருடைய வாரிசு வழியினரிடமிருந்து வாங்கின.