பலகைக் கணினி ஏன் மயங்கி விழுகிறது?

சென்ற பருவத் தேர்வுக்குச் சில நாட்கள் இருக்கையில் என் வகுப்பு மாணவி ஒருத்தி, ஆய்வுக்கூடத்துக்குத் தன் பலகைக் கணினியைக் கொண்டு வந்தாள். கடைகளில் நாம் 'டேப்லெட்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். வீட்டார் மரவள்ளி விற்ற பணத்தில் பழையதாக வாங்கிக் கொடுத்தது.

"சார், எந்தக் கோப்பைப் பதிவிறக்கம் செய்தாலும் பாதியில் திரை இருண்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. நுழைவுச் சீட்டுகூட இறக்க முடியவில்லை" என்றாள்.

பழுது பார்க்கும் கடை ஒன்றில் முன்பே காட்டியிருக்கிறாள். "ஒவ்வாத கோப்பு ஏதோ உள்ளே போய்விட்டது, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்க வேண்டும்" என்று அங்கே சொன்னார்கள். அழித்தார்கள். இரண்டு பருவங்களாக அவள் படம்பிடித்து வைத்திருந்த வகுப்புக் குறிப்புகள் அத்தனையும் போயின. நோய் மட்டும் போகவில்லை. அடுத்த முறை, "தாய்ப்பலகையை மாற்ற வேண்டும்" என்று ஒரு தொகை சொன்னார்கள். அந்தத் தொகைக்கு இன்னொரு பழைய கணினியே வாங்கிவிடலாம்.

நான் அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "எங்கே இருக்கும்போது இப்படி ஆகிறது?"

அவள் சற்று யோசித்தாள். வாரநாட்களில் அவள் தங்குவது கள்ளக்குறிச்சி நகரில், கருணாபுரத்தில் உள்ள சித்தி வீட்டில். வார இறுதியில் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள சொந்த ஊருக்குப் போவாள். "கருணாபுரத்தில் எப்போதாவதுதான் சார். ஊரில்தான் ஒவ்வொரு முறையும்" என்றாள்.

அதே கணினி, அதே கோப்பு. கருணாபுரத்தில் பெரும்பாலும் ஒழுங்காக இறங்குகிறது. மலையில் இறங்க மறுக்கிறது. கோப்புதான் குற்றவாளி என்றால் அது இடம் பார்த்தா குற்றம் செய்யும்? இந்த ஒரு வேறுபாட்டைக் கடைக்காரர் கேட்டிருந்தால் அவளுடைய குறிப்புகள் பிழைத்திருக்கும்.

மோட்டாரும் விளக்கும்

கிராமத்து வாசகர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானதே. மாலையில் வயலில் 5 குதிரைத்திறன் மோட்டாரைப் போட்டதும், வீட்டு விளக்கு ஒரு கணம் மங்கிப் பின் தெளிகிறது. மின்மாற்றிக்கு அருகில் உள்ள வீட்டில் இது அவ்வளவாகத் தெரியாது; கம்பியின் கடைசியில் உள்ள வீட்டில் நன்றாகத் தெரியும். ஏன்? மோட்டார் கிளம்பும்போது மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கிறது. அந்த மின்னோட்டம் நீண்ட கம்பியின் தடை வழியே வரும்போது, ஓம் விதிப்படி மின்னழுத்தத்தின் ஒரு பகுதி கம்பியிலேயே செலவாகிறது. மீதிதான் விளக்குக்குக் கிடைக்கிறது.

பலகைக் கணினிக்குள் நீண்ட கம்பி இல்லை. ஆனால் அதன் மின்கலத்துக்கு உள்ளேயே ஒரு தடை இருக்கிறது. அதை அகத்தடை என்கிறோம். பிளஸ் 2 மாணவர்கள் மின்னழுத்தமானியைக் கொண்டு இதை அளந்திருப்பார்கள். மதிப்பெண்ணுக்காக அளந்து மறந்துபோன அந்தத் தடைதான் இங்கே கதாநாயகன்.

லித்தியம் அயனி மின்கலம் 1991-இல் வணிக முறையில் சந்தைக்கு வந்தது. அதற்கு அடித்தளமிட்ட மூவருக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. முழுதும் மின்னேறிய நிலையில் இதன் மின்னழுத்தம் சுமார் 4.2 வோல்ட்; பாதி தீர்ந்த நிலையில் சுமார் 3.7 வோல்ட். பயன்படுத்தப் பயன்படுத்த, எதிர்முனையில் உள்ள கரியின்மேல் ஒரு மெல்லிய படலம் தடித்துக்கொண்டே போகிறது. அயனிகள் அதைக் கடந்து செல்லச் சிரமப்படுகின்றன. அகத்தடை உயர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். குளிர் இத்தடையை மேலும் உயர்த்தும். மலையில் மார்கழி விடியற்காலையில் இதுவும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். புதிய மின்கலத்தின் அகத்தடை 0.1 ஓம், பழையதன் அகத்தடை 0.4 ஓம் என்று கொள்வோம். கணினி ஒரு கணம் 2 ஆம்பியர் இழுக்கிறது. புதியதில் இழப்பு 0.2 வோல்ட், 3.7-இல் 3.5 வோல்ட் வெளியே கிடைக்கும். பழையதில் இழப்பு 0.8 வோல்ட், கிடைப்பது 2.9 வோல்ட்தான். மின்னழுத்தம் 3.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிடும்படி காவல் சுற்று அமைந்திருந்தால் என்ன ஆகும்? கணினி அக்கணமே அணைந்துபோகும். அணைந்ததும் மின்னோட்டம் குறைகிறது, மின்னழுத்தம் மீள்கிறது, பல கருவிகள் தாமே மீண்டும் தொடங்குகின்றன. நாம் அதைப் பார்த்து, "கோப்பு ஒத்துக்கொள்ளவில்லை" என்கிறோம்!

இதே கணக்கில் மின்கலம் முழுதும் மின்னேறியிருந்தால்? 4.2-இல் 0.8 போனாலும் 3.4 வோல்ட் மிஞ்சும். கணினி தப்பித்துக்கொள்ளும். ஆகவே "நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை" என்பதில் மர்மம் ஏதுமில்லை.

மலையில் மட்டும் ஏன்?

பதிவிறக்கம் என்பது வாங்கும் வேலைதானே, அதற்கு ஏன் இவ்வளவு மின்னாற்றல் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கோப்பு ஒரே மூச்சில் வருவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது. "வந்து சேர்ந்தது" என்று கணினி அடிக்கடி கோபுரத்துக்குப் பதில் அனுப்பியாக வேண்டும். அருகில் இருப்பவரிடம் மெல்லப் பேசுகிறோம். ஓடைக்கு அக்கரையில் இருப்பவரிடம் கூவுகிறோம் அல்லவா? கைப்பேசிகளும் அப்படியே. கோபுரம் அருகில் இருந்தால் மிகக் குறைந்த திறனில் அலைகளை அனுப்பும். தொலைவில், இடையில் மலைமுகடு மறைத்து நின்றால், அனுமதிக்கப்பட்ட உச்சத்துக்கே போகும். நான்காம் தலைமுறைக் கைப்பேசிகளில் அந்த உச்சம் சுமார் 0.2 வாட்டு. அவ்வளவு திறனை வெளியே விட, உள்ளே இருக்கும் பெருக்கி அதைப்போலப் பல மடங்கு மின்கலத்திலிருந்து இழுக்கும்; பாதிக்கு மேல் வெப்பமாகவே வீணாகும்.

இதோடு வந்த பொட்டலங்களைச் சேமிப்பகத்தில் எழுதும் வேலை, திரையின் ஒளி, செயலியின் உழைப்பு எல்லாம் ஒரே நேரத்தில் கூடுகின்றன. மோட்டார் கிளம்பும் கணம் அதுதான்.

பழைய மின்கலத்தால் கருவி திடீரென அணைவது மலிவுக் கருவிகளின் குறை மட்டுமல்ல. ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன்களிலேயே இது நேர்ந்தது. 2017 ஜனவரியில் வந்த ஒரு மென்பொருள் புதுப்பிப்பின் மூலம், பழைய மின்கலம் உள்ள பேசிகளின் வேகத்தை அந்நிறுவனம் குறைத்தது. உச்ச மின்னோட்டத்தைத் தணிப்பதே நோக்கம். பயனாளர்களுக்குத் தெளிவாகச் சொல்லாமல் செய்ததால் அவ்வாண்டு இறுதியில் பெரும் சர்ச்சையாகி, மன்னிப்புக் கேட்டு, மின்கல மாற்றுக் கட்டணத்தைக் குறைக்க நேர்ந்தது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

மாணவியின் கணினியை மின்னேற்றியில் செருகிவிட்டு அதே கோப்பை இறக்கச் சொன்னேன். தேவையான மின்னோட்டத்தின் பெரும்பகுதியை அப்போது மின்னேற்றியே தந்துவிடும். இறங்கியது. செருகியைப் பிடுங்கிவிட்டு, அருகலை வழியாக, அதாவது வைஃபை வழியாக இறக்கினோம். இறங்கியது. கோபுரத்தோடு பேசும் பெருக்கிக்கு அப்போது வேலை இல்லை. பிறகு சிம் அட்டை வழியாக, அலை குறைவாக வரும் ஆய்வுக்கூடத்தின் உள்ளறையில் முயன்றோம். திரை சட்டென்று இருண்டது. அணைவதற்குமுன் 41 விழுக்காடு என்று காட்டிய மின்கல அளவு, மீண்டும் தொடங்கியபோது 12 என்று காட்டியது. விழுக்காடு இப்படித் தாவுவது நலிந்த மின்கலத்தின் கையெழுத்து என்றே சொல்லலாம்.

தாய்ப்பலகையை மாற்றவில்லை. மின்கலத்தை மட்டும் மாற்றினாள்.

கோப்பே குற்றவாளியாகும் வேளை

ஆனால் கோப்பு எப்போதுமே குற்றமற்றது என்று சொல்லிவிட முடியாது. சாதாரணமாக ஒவ்வாத கோப்பைத் திறந்தால், "திறக்க இயலாது" என்ற செய்தி வரும், அவ்வளவுதான். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய தமிழ்க் கோப்பைத் திறந்தவர்களுக்குத் தெரியும்: ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் குவிந்து கிடக்கும், கணினி மட்டும் சும்மா இருக்கும். ஒவ்வொரு செயலியையும் தனித்தனி அறையில் பூட்டி வைத்தே இயக்கு தளம் வேலை வாங்குகிறது. ஓர் அறையில் தீப்பிடித்தால் அந்த அறைதான் சாம்பலாக வேண்டும்.

சிக்கல் வருவது, இயக்கு தளமே அந்தக் கோப்பைப் படிக்க முனையும்போது. நாம் திறக்காவிட்டாலும், இறங்கிய படத்தைப் பார்த்து அதன் சிற்றுருவத்தைத் தயாரிக்கும் பகுதிகள் பின்னணியில் இயங்குகின்றன. "நான் தொடவே இல்லையே" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கு உலகறிந்த சான்றுகள் உண்டு. 2020-இல் அமெரிக்காவின் மான்டானா மாநிலத்து ஏரி ஒன்றின் அழகிய படம் பரவியது. ஆண்ட்ராய்டு 10 இருந்த சில பேசிகளில் அதைத் திரைப்பின்னணியாக வைத்ததும், திரை அணைந்து அணைந்து எரிந்தது, மீளவே இல்லை. சிலர் எல்லாவற்றையும் அழித்துத்தான் பேசியைப் பெற்றார்கள். அந்தப் படம் வழக்கத்தைவிட விரிந்த நிறவெளியில் சேமிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு புள்ளியின் ஒளிர்வையும் 0 முதல் 255 வரையிலான 256 பெட்டிகளில் ஒன்றில் போடும்படி நிரல் எழுதப்பட்டிருந்தது. இப்படத்தில் ஒரு புள்ளியின் கணக்கு 255-ஐத் தாண்டிவிட்டது. இல்லாத பெட்டியைத் தேடிய நிரல் விழுந்தது, மீண்டும் எழுந்தது, எழுந்ததும் அதே படத்தைப் பார்த்து மீண்டும் விழுந்தது. படமெடுத்தவர் இதை வேண்டுமென்று செய்யவில்லை.

இரண்டாவது சான்று நம் அண்டை மொழியிலிருந்து. 2018 பிப்ரவரியில், தெலுங்கில் 'ஜ்ஞா' என்ற கூட்டெழுத்தின் ஒரு வடிவம் செய்தியாக வந்தாலே ஐபோன்கள் நிலைகுலைந்தன. மெய்களும் உயிர்க்குறியும் ஒன்றோடொன்று பிணைந்து உருமாறும் எழுத்து அது. அதை வரையும் நிரலில் பிழை இருந்தது. சில நாட்களில் திருத்தம் வெளியிடப்பட்டது. 'ஞானம்' என்ற சொல் தெலுங்கில் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

நம்மிடையே இவற்றைவிட அடிக்கடி நேர்வது நினைவகப் பற்றாக்குறை. படக் கோப்பு என்பது மடித்துக் கட்டிய பந்தல் துணி. மூட்டையாக இருக்கும்போது மிதிவண்டியில் ஏற்றலாம். விரித்தால் தெருவே வேண்டும். 2 கோடிப் புள்ளிகள் உள்ள ஒரு படம் சேமிப்பகத்தில் 4 மெகாபைட்டுக்குள் அடங்கக்கூடும். திரையில் காட்ட விரிக்கும்போது, புள்ளிக்கு 4 பைட்டு வீதம் 80 மெகாபைட்டு ஆகும். 2011 அக்டோபர் 5 அன்று நம் நாட்டு மாணவர்களுக்கென வெளியிடப்பட்ட 'ஆகாஷ்' பலகைக் கணினியின் நினைவகம் மொத்தமே 256 மெகாபைட்டு. இன்றைய கருவிகளில் நினைவகம் பெருகிவிட்டது. ஆனால் படங்களும் பெருகிவிட்டன. இடம் போதாமல் இயக்கு தளத்தின் முக்கியப் பகுதி ஒரு நிமிடம்போல உறைந்து நின்றால், ஆண்ட்ராய்டில் அதைக் கவனிக்கும் காவல் நிரல், "இது இனித் தேறாது" என்று முடிவு கட்டித் தானே மீண்டும் தொடங்கச் செய்யும்.

இன்னொரு மாணவனின் கணினி இந்த வகை. மின்னேற்றியில் செருகினாலும், வைஃபையில் இறக்கினாலும், ஒரே ஒரு கோப்பில் மட்டும் விழுந்தது. மற்ற கோப்புகள் எல்லாம் இறங்கின. பழைய வினாத்தாள்களை யாரோ ஒரே நீண்ட படமாக ஒட்டி அனுப்பியிருந்தார்கள். பத்துக் கோடிப் புள்ளிகளுக்கு மேல்! நூலகக் கணினியில் அதைப் பத்துத் துண்டாக வெட்டிக் கொடுத்தோம். சிக்கல் தீர்ந்தது.

கருவி விழுந்து எழுந்துகொண்டே இருந்தால், 'சேஃப் மோடு' எனப்படும் பாதுகாப்பு நிலையில் தொடங்கி, கடைசியாக இறக்கிய கோப்பை நீக்கிப் பாருங்கள். அந்நிலையில் நாமாகச் சேர்த்த செயலிகள் இயங்கா. சேமிப்பகம் நிரம்பி வழிந்தால் முதலில் சிறிது காலி செய்யுங்கள். நினைவு அட்டை இருந்தால் கழற்றிவிட்டு ஒருமுறை சோதியுங்கள். அட்டையைப் பற்றி இன்னொன்று: பழைய முறையில் வடிவமைத்த அட்டைகளில் தனிக் கோப்பு 4 கிகாபைட்டை எட்ட முடியாது. இடம் நிறைய இருந்தும் "இடமில்லை" என்று வந்தால் அதுதான் காரணம், கருவி கெட்டுவிடவில்லை.

எல்லாவற்றையும் அழிப்பது கடைசி வழி. இன்றைய கருவிகளில் தகவல் யாவும் பூட்டிய நிலையில் எழுதப்படுகிறது. அழிக்கும்போது அதன் திறவுகோலும் அழிகிறது. பிறகு எந்த வல்லுநராலும் மீட்க முடியாது. பின்பக்க மூடி உப்பியிருந்தால் மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம். மின்னேற்றாமல், அழுத்தாமல், குத்தாமல் மின்கலத்தை மாற்றக் கொடுத்துவிடுங்கள்.

அந்த மாணவி இப்போது மலையிலிருந்தே பாடங்களை இறக்கிக்கொள்கிறாள். போன குறிப்புகள் போனவைதாம். தோழிகளின் குறிப்பேடுகளை வாங்கி, கருணாபுரத்து வீட்டு மாடியில் வெளிச்சம் இருக்கும்போதே பக்கம் பக்கமாக மறுபடியும் படம்பிடித்துக்கொண்டிருக்கிறாள். இயற்பியல் முடிந்து, கணிதத்தில் பாதி ஆகியிருக்கிறது.