எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களில் நுண்ணுயிர்சார் அரிமானம்: கண்டறிதலில் எழும் சிக்கல்

எண்ணெய்க் கிணற்றில் எண்ணெயையும் அதனுடன் கலந்த நீரையும் வாயுவையும் மேலே கொணரும் எஃகுக் குழாய்த் தொடரில் துளை விழுந்தால், பெரும்பாலும் தொடரையே வெளியே இழுத்து மாற்ற நேரிடும். அத்துளைக்குக் காரணம் நுண்ணுயிரியா, நீரில் கரைந்த கார்பன் டைஆக்சைடா என்பதைப் பிரித்தறிவது எளிதன்று. பிழையாகக் கணித்தால் தீர்வும் பிழையாகும். உயிர்க்கொல்லி வேதிப்பொருள் கார்பன் டைஆக்சைடின் அரிமானத்தைத் தடுக்காது.

சல்பேட் ஒடுக்கும் பாக்டீரியங்கள் இரும்பின் மேற்பரப்பில் தோன்றும் ஹைட்ரஜனை நுகர்ந்து அரிமானத்தை விரைவுபடுத்துகின்றன என்று 1934இல் வான் வோல்சோகன் கூரும் வான் டெர் ஃப்ளூக்டும் விளக்கினர். அவ்விளக்கம் முழுமையானதன்று. சில இனங்கள் இரும்பிலிருந்து எலக்ட்ரான்களை நேரடியாகவே பெறக்கூடும் என்பதை 2004இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வு முன்வைத்தது. இவை வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடு எஃகுடன் வினைபுரிந்து இரும்புச் சல்பைடாகப் படிகிறது. மின்கடத்தும் அப்படிவு பரந்த எதிர்மின்முனையாகச் செயற்பட, படிவு விலகிய சிற்றிடம் நேர்மின்முனையாகிறது. ஆகவே சுவர் சீராகத் தேயாமல் ஓரிடத்தில் ஆழமாகக் குழிகிறது.

வடகடல் வயல்களில் படுகை அழுத்தத்தைக் காக்கக் கடல்நீர் செலுத்தப்படுகிறது. அதில் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் உள்ளது. படுகை நீரிலுள்ள அசிட்டேட் போன்ற கரிம அமிலங்கள் உணவாகின்றன. ஆழத்து வெப்பம் காப்பளிக்கும் என்பதும் உறுதியன்று. வடகடல், அலாஸ்கா படுகைகளில் மீவெப்ப ஆர்க்கியாக்கள் வாழ்வதை ஸ்டெட்டர் குழுவினர் 1993இல் அறிவித்தனர். சல்பேட் ஒடுக்கும் ஆர்க்கியோகுளோபஸ் ஃபுல்கிடஸ் 83 செல்சியஸ் அளவில் மிக நன்கு வளர்வது.

கிணற்று நீரைக் குப்பியில் வளர்த்து எண்ணும் வழக்கமான சோதனை மிதக்கும் உயிரணுக்களையே காட்டும். அவற்றிலும் அவ்வூடகத்தில் வளர்பவற்றை மட்டுமே. அரிப்பதோ சுவரில் ஒட்டிய உயிரிப்படலம். குழியின் வடிவமும் தனித்துச் சான்றாகாது. சல்பைடிலுள்ள கந்தகத்தில் இலேசான ஐசோடோப்பு மிகுந்திருப்பது நுண்ணுயிர்த் தோற்றத்தைச் சுட்டும் எனினும், அச்சல்பைடு குழாய்ச் சுவரில் உருவானதா, படுகையிலேயே உருவாகி வந்ததா என்பதை அது சொல்லாது. (ஆய்வறிக்கைகள் பலவும் தடுமாறும் இடம் இதுவே.)

எனவே சுவரிலிருந்தே எடுத்த மாதிரியில் சல்பேட் ஒடுக்கத்திற்குரிய மரபணுக்களையும் படிவின் கனிமங்களையும் ஒருங்கே ஆராய வேண்டும். இழுத்த குழாயின் கறுத்த சல்பைடு காற்றுப்பட்டவுடன் ஆக்சிஜனேற்றம் அடையத் தொடங்குமாதலால், மாதிரியை உடனே சுரண்டி ஆக்சிஜனற்ற கலத்தில் அடைத்தல் இன்றியமையாதது. பல நாள் வெளியில் கிடந்த குழாயில் எஞ்சுவது செந்துருவே.