மாரிகாலப் பறவைகளும் படக்கருவியும்

சோளகம் ஓய்ந்து வாடை வீசத் தொடங்கும் ஐப்பசி மாதத்திலே யாழ்ப்பாணத்துத் தரவைகளும் கடனீரேரிக் கரைகளும் புதிய குடிகளைப் பெறுகின்றன. பண்ணைப் பாலத்தால் நாள்தோறும் கந்தோருக்குச் செல்லும் நம்மவர், இருமருங்கும் சேற்றைக் கிளறி நிற்கும் சிறு பறவைகளை ‘உள்ளான்’ என்று ஒரு சொல்லிலே கூறிக் கடந்துவிடுவர். அச்சொல்லுக்குள் பல இனங்கள் அடங்கும். அவற்றுட் சில சைபீரியாவின் வடகோடியிற் பொரித்து வளர்ந்தவை.

வளைமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்வோம். அதன் எடை ஐம்பது அறுபது கிராம் அளவேயாகும். அது கூடு கட்டுவது மரமே முளையாத துருவத்துச் சமவெளியிலே. அங்கே கோடை மிகக் குறுகியது. நிலம் உறைந்தபின் புழுவும் பூச்சியும் கிடையா. எனவே இப்பறவைகள் குளிருக்கு அஞ்சி வருகின்றன என்பதிலும் பசிக்கு அஞ்சி வருகின்றன என்பதே பொருந்தும். நமது களப்புகளோ ஆழமற்றவை. மாரி மழையால் உவர் தணிந்து, சேறு இளகி, சிற்றுயிர் மலிந்து கிடப்பவை. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி முதலியனவும் இக்காலத்திலேயே திரளாக இறங்குகின்றன. தோட்டங்களுக்குள் வருவது ஆறுமணிக்குருவி; காலையிலும் அந்தியிலும் அது கொடுக்கும் குரலே அதற்குப் பெயராயிற்று.

இப்போக்குவரவை நம் முன்னோர் அறியாதவரல்லர். சத்திமுற்றப் புலவர் செங்கால் நாரையைத் தூது விடுத்த பாடலிலே, அது தென்குமரிக்கு வந்து வடதிசை மீளும் செய்தி சொல்லப்பட்டிருக்கிறது. அலகுக்கு அவர் தேர்ந்த உவமையோ பனங்கிழங்கு! யாழ்ப்பாணத்தவர்க்கு அதனை விளக்க வேண்டுவதில்லை.

நடந்து காண விரும்புவோர்க்குப் பண்ணையன்றிப் பொன்னாலைப் பாலம், செம்மணி, வல்லைவெளி ஆகியன எளிதில் எட்டுவன. சற்றுத் தொலைவு செல்லக்கூடியவர் சுண்டிக்குளம் போகலாம். அது 1938 ஆம் ஆண்டிற் சரணாலயமாகவும் 2015 ஆம் ஆண்டிலே தேசிய பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது.

படம் பிடிப்பதற்கு விலையுயர்ந்த கருவியிலும் பொறுமையே முதலில் வேண்டும். விடிந்து இரண்டு மணி நேரத்துள், ஞாயிறு நம் முதுகுப்புறம் இருக்கக் கரையை அடைதல் நன்று. பின்னர் வெயில் ஏறிக் கானல் எழும். அதனூடே எவ்வளவு நெடிய வில்லையால் நோக்கினும் உருவம் நெளியும். நின்றுகொண்டு எடுத்த படத்திலே பறவை சேற்றில் ஒட்டிய புள்ளியாகத் தோன்றும். நிலத்தில் அமர்ந்து அதன் கண்மட்டத்தில் எடுத்தாலே அதன் நடையும் நோக்கும் புலப்படும். (சாரத்திற் சேறு படும், வீட்டார் ஏசுவர்.) பூநாரை, கொக்கு முதலிய வெண்ணிறப் பறவைகளுக்கு ஒளியைச் சிறிது குறைத்து வைத்தல் வேண்டும், அன்றேல் இறகின் வரிகள் யாவும் வெளிறிப்போம். பறக்கும் பறவைக்கு ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கிலும் குறைந்த நேரமே போதும்.

கிட்டச் செல்லும் முறை ஒன்றுண்டு. நேரே நடப்பவனைப் பறவை பகைவனெனக் கொள்ளும். சாய்வாக, இடையிடையே நின்று, வேறெங்கோ போவான்போற் சென்றால் அத்துணை அஞ்சுவதில்லை. நடந்து வருபவனிலும் வாகனத்துள் அசையாதிருப்பவனுக்கு அது அஞ்சுவது குறைவு. பறவை மேய்ச்சலை விட்டுத் தலை நிமிர்த்துமாயின் அதுவே எல்லை. அதற்கு அப்பால் ஓரடியும் வைக்கலாகாது.

இதனை வற்புறுத்தக் காரணம் உண்டு. கூட்டம் முழுவதும் ஒருங்கே எழும்பும் காட்சிக்காகக் கல்லெறிவோரும் கைதட்டி ஓடுவோரும் இன்று பெருகிவிட்டனர். பயணத்துக்கு எரிபொருளாவது பறவையின் உடலிற் சேர்ந்த கொழுப்பேயாம். மாசி பங்குனியிலே அதனைச் சேர்ப்பதற்காகவே அது ஓயாது மேய்கின்றது. 2021 ஆம் ஆண்டிலே மன்னாரில் கருவி பூட்டி விடப்பட்ட கடற்காக்கை ஒன்று ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை சென்றதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் செய்மதி வாயிலாகக் கண்டனர். அத்தகைய தூரம் செல்லவேண்டிய உயிரை ஒரு காலையிற் பலமுறை எழுப்புதல், அதன் கட்டுச்சோற்றைப் பறித்தலை ஒக்கும். அவ்வாறு பெற்ற படம் எத்துணை அழகியதாயினும் அதனைப் பாராட்ட என் மனம் இசைவதில்லை.

மற்றொன்று. போர் நிகழ்ந்த ஆண்டுகளில் இவ்வெளிகளிலே தொலைநோக்கியுடன் நிற்பது உயிரோடு விளையாடுவதாக இருந்தது. ஆகவே அக்காலத்துக் குறிப்புகள் மிக அரியன. 2009 ஆம் ஆண்டின் பின்னரே தரவைகள் படிப்படியாக நமக்கு மீண்டன. எனவே நாம் எடுக்கும் தெளிவற்ற படமும், நாள், இடம், ஏறத்தாழ எத்தனை பறவைகள் என்ற மூன்றும் குறிக்கப்பட்டிருப்பின் பெறுமதி உடையதாகும். நாளை ஒரு களப்பை நிரப்ப வேண்டுமென்றோ கரையிற் காற்றாலை நிறுவ வேண்டுமென்றோ பேச்சு எழும்போது, அங்கே பறவை இருந்தது என்பதற்கு வேறு சாட்சி இராது.

பங்குனி கடைசியில் ஒருமுறை தவறாது செல்க. மாரி முழுதும் சாம்பல் நிறமாய் இருந்த வளைமூக்கு உள்ளானின் மார்பு அப்போது செங்கல் நிறம் கொள்ளத் தொடங்கியிருக்கும். அந்நிறம் நிரம்புமுன் அது புறப்பட்டுவிடுதலும் உண்டு.