புயலுக்குப் பின் கூரையை உள்ளே நின்று பாருங்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஒரு வேலை உண்டு. நல்ல வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து, உச்சிப்பொழுதில் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, நடுவீட்டில் நின்று அண்ணாந்து பார்ப்போம். எங்கே வெளிச்சம் ஊசிபோல் இறங்குகிறதோ அங்கே கரிக்கட்டையால் ரீப்பரில் ஒரு கோடு போடுவோம். மறுநாள் ஓடு மாற்றுவோம். பேரப்பிள்ளைகளுக்கு இது கண்ணாமூச்சி விளையாட்டு. எனக்கு அப்படி இல்லை. இந்தப் பழக்கத்தை நான் கஜா புயலில் 30 கிலோ விதைநெல்லைப் பறிகொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. 2018 வைகாசியில் நெல் திருவிழாவுக்குப் போய் 2 கிலோ பூங்கார் விதை வாங்கி வந்தேன். அங்கே உள்ள முறை நம் வாசகர்கள் பலருக்கும் தெரியும். 2 கிலோ வாங்கினால் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். பணம் காசு இல்லை, வாக்குதான். ஆனியில் ஒரு மாவில் ஒற்றை நாற்றாக நட்டேன். புரட்டாசியில் அறுத்து, விதைக்கென்று 60 கிலோ ஒதுக்கி, நன்றாகக் காயவைத்து, நொச்சி இலை போட்டு இரண்டு சாக்கில் கட்டிப் பரண்மேல் ஏற்றினோம். வீட்டிலேயே பத்திரமான இடம் பரண்தான் என்பது எங்கள் கணக்கு.

அந்த இரவும் மறுநாள் காலையும்

நவம்பர் 15 இரவு காற்று ஆரம்பித்தது. நள்ளிரவுக்குமேல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே புயல் கரை ஏறியது. முதலில் வடக்கே இருந்து அடித்தது. பிறகு ஒரு அமைதி. அந்த அமைதியில் பக்கத்து வீட்டுச் சித்தப்பா, "முடிஞ்சுதுடா, மாட்டைப் போயி பாரு" என்று குரல் கொடுத்தார். என் மனைவி கதவை விட்டு நகரவில்லை. "இருங்க, இது போற காத்து இல்ல, திரும்புற காத்து" என்றார். அவர் பிறந்தது கடலோர ஊர். சொன்னபடியே சற்று நேரத்தில் தெற்கே இருந்து அடித்தது. அந்த இரண்டாவது அடியில்தான் எங்கள் கொட்டகைக் கீற்று மொத்தமும் பறந்தது. புயலின் கண் கடக்கும்போது வரும் அமைதியில் வெளியே போனவர்கள் திரும்பி வராத கதைகள் எங்கள் பக்கம் நிறைய உண்டு.

விடிந்ததும் வெளியே வந்தேன். தென்னந்தோப்பைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை, அது தனிக்கதை. வீட்டை மட்டும் சுற்றி வந்தேன். தெருப்பக்கம் 27 ஓடு போயிருந்தது. கொல்லைப்பக்கம் இறவாரத்தில் ஒரு வரிசை முழுக்கக் காணோம். அடுப்படிமேல் போட்டிருந்த ஆஸ்பெஸ்டாஸ் அட்டையில் தென்னை மட்டை விழுந்து ஒரு மூலை உடைந்திருந்தது. காணாமல் போன இடங்களில் பழைய ஓடுகளைச் செருகி, மீதிக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டினேன். பரணுக்கு மேலே இருந்த ஓடுகள் வரிசை கலையாமல் அப்படியே இருந்தன. "விதை தப்பிச்சுது" என்று மனைவியிடம் சொன்னேன். ஊரே இழந்து நின்ற அந்தக் காலையில் எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுதான்.

அடுத்த வாரமே மழை வந்தது. கரண்டும் இல்லை. சிம்னி விளக்கு வெளிச்சத்தில் பரணை யாரும் கவனிக்கவில்லை. மழை விட்ட மூன்றாம் நாள் மனைவிதான் சொன்னார், "என்னங்க, நாத்தங்காலுக்கு மூட்டை ஊறப்போட்ட வாசம் அடிக்குதே." ஏணி வைத்து ஏறினேன். மேல்சாக்கின் தையல் இடுக்கில் வெள்ளை வெள்ளையாக முளை நீட்டிக்கொண்டிருந்தது. கையை உள்ளே விட்டேன், சூடு. கீழ்ச்சாக்கின் ஒரு பக்கம் ஈரம்.

பெரியவர் சொன்ன பாடம்

எங்கள் ஊரில் ஓடு மேயும் பெரியவர் ஒருவர் இருந்தார். அந்தச் சமயம் அவரைப் பிடிப்பதே பெரும்பாடு. வந்தவர் கூரையில் ஏறவே இல்லை. நேராக உள்ளே வந்து, கதவைச் சாத்தச் சொல்லி அண்ணாந்து பார்த்தார். பரணுக்கு மேலே மூன்று இடத்தில் நூல்போல வெளிச்சம் தெரிந்தது.

"தம்பி, பறந்த ஓடு உங்களை ஏமாத்தாது. அது போயிட்டேன்னு சொல்லிட்டுப் போயிடும். எழும்பி உட்கார்ந்த ஓடுதான் ஏமாத்தும். வெளியில நின்னு பாத்தா அதோட முகந்தான் தெரியும். உள்ள நின்னாத்தான் முதுகு தெரியும்."

காற்று கூரையை அழுத்தி உடைக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அது தூக்குகிறது. கூரைமேல் வேகமாகப் போகும் காற்று ஓட்டை மேல்நோக்கி உறிஞ்சும். முகடு, இறவாரம், மூலைகள் ஆகிய இடங்களில் இந்த இழுப்பு அதிகம். காற்றடிக்கும் பக்கத்துக் கதவு திறந்துகொண்டால் உள்ளே புகும் காற்றும் சேர்ந்து கீழிருந்து தள்ளும். அப்படி எழும்பிய ஓடு சில நேரம் பறக்காமல் திரும்ப உட்காரும். ஆனால் பழைய பள்ளத்தில் உட்காராது. அரை விரற்கடை விலகினால் போதும், மழைத்தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

அன்று அவர் காட்டியதையும் பிறகு நாங்கள் செய்து பார்த்ததையும் வரிசையாகச் சொல்கிறேன்.

ஏறுவதற்கு முன்

முதலில் வெளிச்சுற்று. கூரைமேலோ தரையிலோ மின்கம்பி அறுந்து கிடந்தால் பக்கத்திலேயே போகக்கூடாது. மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சாய்ந்து நிற்கும் மரம் கூரையைத் தாங்கிக்கொண்டிருக்கிறதா, கூரை மரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்காமல் மரத்தை வெட்டக்கூடாது. சரிந்த கீற்றுக்கடியில் பாம்பும் தேளும் ஒதுங்கியிருக்கும். கம்பால் கிளறிவிட்டுக் கை வையுங்கள்.

எதையும் எடுப்பதற்கு முன் நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கெடுப்புக்கு வருகிறவர்கள் வருவதற்குள் நாம் ஒழுங்குசெய்துவிடுவோம். பிறகு "உங்க வீடு நல்லாத்தானே இருக்கு" என்பார்கள்.

ஈர ஓட்டில் ஏறாதீர்கள், வழுக்கும். ஆஸ்பெஸ்டாஸ் அட்டைமேல் காயும் நாளிலும் நேராகக் கால் வைக்கக்கூடாது. பார்க்க உறுதியாக இருக்கும், ஆள் பாரத்துக்குப் பொத்தென்று உடையும். ஏறியே ஆகவேண்டுமானால் கீழே சட்டம் ஓடும் வரிசையில் குறுக்கே பலகை போட்டு, கீழே ஒரு ஆளை நிறுத்திவிட்டு ஏறுங்கள்.

உள்ளே பார்க்க வேண்டியவை

முதலில் வெளிச்சம். உச்சிவெயிலில் வீட்டை இருட்டாக்கிப் பாருங்கள்.

அடுத்து ஈரத்தடம். சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் ஒரு இடத்தில் நுழைந்து, கைமரத்தை ஒட்டி வழிந்து, வேறு இடத்தில் சொட்டும். தடத்தைப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கிப் போய்ப் பாருங்கள். எங்கள் வீட்டில் சாக்கு நனைந்த இடத்திலிருந்து மூன்று முழம் மேலே, முகட்டுக்கருகில் இருந்தது கோளாறு. சந்தேகம் இருந்தால் ஒருவர் வெளியே ஏணியில் நின்று, இறவாரத்தில் ஆரம்பித்து மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றட்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எங்கே நுழைகிறது என்றே பிடிபடாது.

மூன்றாவது மரம். கைமரம் சுவர்மேல் உட்காரும் இடத்தில் புதுவெடிப்பு இருக்கிறதா? ரீப்பரில் ஆணி தலை தூக்கியிருக்கிறதா? மோட்டுவளை நேராக ஓடுகிறதா, எங்காவது தொய்ந்திருக்கிறதா? ஓட்டை இன்றைக்கே மாற்றிவிடலாம். மரம் அசைந்திருந்தால் அடுத்த காற்றுக்குக் கூரையே போகும். எங்கள் வீட்டில் பனஞ்சட்டம். அது அசையவில்லை. நனைந்த மரத்தைக் காயவிடாமல் மூடிவைத்தால் பின்னாலேயே கரையான் வரும்.

நான்காவது ஓசை. விரல் முட்டியால் ஓட்டைத் தட்டினால் நல்ல ஓடு கணீரென்று கேட்கும். கீறல் விட்ட ஓடு சொத்தென்று கேட்கும். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துவிடுவார்.

கடைசியாக முகடு. முகட்டு ஓட்டைப் பிடித்திருக்கும் சாந்து வெடித்திருந்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசவேண்டும். மேலாகப் பூசினால் அடுத்த மழைக்கே பெயரும்.

உடைந்ததை என்ன செய்வது

உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் துண்டுகளைப் பாத்திக்கு வரப்பாக நட்டுவைப்பதை எங்கள் பக்கம் பலர் செய்கிறார்கள். நானும் செய்தவன்தான். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய்வரை கொண்டுபோய்விடும். ரசாயனம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கீரைப்பாத்தியில் அதை நடுவது நியாயமா? தண்ணீர் தெளித்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, மேலும் உடைக்காமல் எடுத்து, பிள்ளைகள் விளையாடாத இடத்தில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். அடுப்படிக்கு நாங்கள் மறுபடி அட்டை போடவில்லை, ஓடுதான் போட்டோம். விழுந்த தென்னையின் மட்டைகளைக் கிழித்துக் குளத்தில் ஊறப்போட்டு, கீற்று முடைந்து கொட்டகையை மேய்ந்தோம். விழுந்த மரம் கொடுத்த கடைசிக் கீற்று அது.

திரும்ப மேயும்போது இறவாரத்தில் இரண்டு வரிசை, முகட்டை ஒட்டி இரண்டு வரிசை, இரு ஓரங்கள் ஆகிய இடங்களில் துத்தநாகக் கம்பியால் ஓட்டை ரீப்பரோடு கட்டினோம். மங்களூர் ஓட்டின் அடியில் அதற்கென்றே ஒரு காது இருக்கிறது. இத்தனை வருஷம் அது எதற்கென்று நான் கேட்டதே இல்லை.

விதை என்ன ஆயிற்று?

மேல்சாக்கு மாட்டுக்குப் போனது. கீழ்ச்சாக்கை உலர்த்தி, 100 நெல்லை எண்ணி ஈரத்துணியில் முடிந்துவைத்தோம். 61 முளைத்தது. 80 முளைத்தால்தான் விதை என்று பேர். இதை யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை.

அந்த டிசம்பர் 6-ஆம் தேதி நெல் ஜெயராமன் அண்ணன் மறைந்தார். ஊர் ஊராகப் போய் விதை சேர்த்த மனிதர். அவர் தொடங்கிவைத்த திருவிழாவில் வாங்கிய 2 கிலோவுக்குத் திருப்பித்தர என் வீட்டில் நல்ல விதை இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

விடியற்காலையில் மனைவிதான் நினைவுபடுத்தினார். அறுவடைக்கு வந்திருந்த என் அக்காவுக்கு 10 கிலோ கொடுத்தனுப்பியிருந்தோம். மன்னார்குடிக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. போய்க் கேட்டேன். "நீ குடுத்ததுதானேடா" என்று பாதியை அளந்து கொடுத்தார். அதையும் 100 எண்ணி முடிந்துபார்த்தேன், 94. அடுத்த வைகாசியில் 4 கிலோவைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். மீதியை ஆனியில் நானே விதைத்தேன்.

இப்போது எங்கள் விதை மூன்று வீட்டில் இருக்கிறது. எங்கள் பரணில் ஒரு பங்கு, அக்கா வீட்டில் ஒரு பங்கு, சித்தப்பா வீட்டுக் குதிரில் ஒரு பங்கு. கூரையை எவ்வளவுதான் பார்த்துப் பார்த்து மேய்ந்தாலும் ஒரே கூரையை நம்பி விதையை வைக்கக்கூடாது.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது அடைமழைக்கு இன்னும் சில நாள் இருக்கும். நாளை உச்சிப்பொழுதில் கதவைச் சாத்திவிட்டு ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். விதைமூட்டைக்கு மேலே இருக்கும் ஓட்டை முதலில் பாருங்கள்.