லுங்கிவாலா பேரனின் ராப்

மும்பை காட்கோபரில் ஸ்லோ லோக்கல் ஏறினால் வித்யாவிஹார், குர்லா, அடுத்து சயான். இறங்கி நடந்தால் தாராவி. டோப்அடெலிக்ஸ், செவன் பண்டைஸ் என்று குழு சேர்த்து, தமிழையும் இந்தியையும் மராத்தியையும் ஒரே தாளத்தில் கொட்டிய பையன்களின் ஊர். ‘தாராவி டிரீம் புராஜெக்ட்’ இங்கே ஹிப் ஹாப்புக்கென்றே பள்ளி நடத்துகிறது. ராப், பீட்பாக்ஸ், பிரேக் டான்ஸ் எல்லாம் உண்டு.

இதோடு இன்னொரு பாடமும் வேண்டும்: இது யார் வீட்டுப் பாட்டு? 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்க்ஸ். பள்ளிக்கூடத்துக்குப் புதுத்துணி வாங்கத் தன் தங்கை காசு வசூலித்து நடத்திய விருந்தில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டு சுழற்றினார். ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாக அதைத்தான் கொண்டாடுகிறார்கள்.

கறுப்பர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் வசைச்சொல்லையும் பீட்டோடு சேர்த்து இறக்குமதி செய்யும் பையன்கள் உண்டு. அதட்டினால் கேட்கமாட்டார்கள். “உன் தாத்தாவை இங்கே என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். மதராஸி, காலியா, லுங்கிவாலா. 1960களில் சிவசேனை லுங்கியைச் சொல்லித்தான் தென்னிந்தியரை விரட்டியது. அந்தப் பெயரைக் கூட்டாளி சொன்னால் சிரிப்பு வரும். வெளியாள் சொன்னால் கை ஓங்கும். பாதிப் பாடம் அதிலேயே முடிந்துவிடும்.

கடன் வாங்குவதே தப்பா? 1972இல் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் தோழர்களும் அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளின் (பிளாக் பேந்தர்ஸ்) பெயரை எடுத்து, பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தொடங்கினார்கள். யாரிடம் எடுத்தோம் என்பதை மறைக்கவில்லை. அது உறவு. பாடினவரையே மறைப்பதுதான் தப்பு. 2021இல் ‘எஞ்சாய் எஞ்சாமி’யைப் பற்றிப் பேசிய ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ், பாட்டை எழுதிப் பாடிய அறிவை அட்டைப்படத்தில் விட்டுவிட்டது. பா. ரஞ்சித் உள்ளிட்டோர் கண்டித்த பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. ‘கல்லி பாய்’ (2019) படத்தில் ரன்வீர் சிங்கின் நிறத்தைக் கறுப்பாக்கியதாகவும் புகார் எழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘காலா’வில் டோப்அடெலிக்ஸ் தங்கள் குரலிலேயே பாடினார்கள். என் ஓட்டு காலாவுக்கு.

காட்கோபருக்கே திரும்புகிறேன். 1997 ஜூலை 11, ரமாபாய் அம்பேத்கர் நகர். அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டதை எதிர்த்துத் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டதில் பத்துப் பேர் செத்தார்கள். சில நாளில் தெருப்பாடகர் விலாஸ் கோக்ரே தூக்கில் தொங்கினார். ஆனந்த் பட்வர்தனின் ‘ஜெய் பீம் காம்ரேட்’ ஆவணப்படம் அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. பிராங்க்ஸ் கதையோடு இதையும் வகுப்பில் போட்டுக் காட்டலாம். சுமார் மூன்று மணி நேரம் ஓடும். வடாபாவ் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.