திரும்பி வருவீர்களா?

அமெரிக்க விசா அதிகாரி மாணவர்களிடம் கேட்கும் இந்தக் கேள்விக்கு வயது நூறு. அமெரிக்காவில் படித்துத் திரும்பிய மூவரின் கதை வழியாகத் திருவனந்தபுரம் அதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது.

திருவனந்தபுரத்திலிருந்து கிளம்பும் சென்னை மெயிலில் ஒரு வகைப் பயணியை எளிதில் அடையாளம் கண்டுகொள்ளலாம். பெட்டி சிறியது. ஆனால் கையில் இருக்கும் பிளாஸ்டிக் ஃபைலை ஒரு நொடிகூடக் கீழே வைக்க மாட்டார். தூங்கும்போது அது தலையணைக்கு அடியில் போகும். உள்ளே பாஸ்போர்ட், மார்க் ஷீட்டுகள், அமெரிக்கப் பல்கலைக்கழகம் அனுப்பிய ஐ-20 படிவம், அப்பாவின் வங்கிக் கணக்குச் சான்று, வீட்டுப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு வங்கி கொடுத்த கடன் கடிதம். போக வேண்டிய இடம் சென்னை ஜெமினி மேம்பாலத்தின் அருகே இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகம்.

இரவு முழுக்க ரயிலில் வந்தவருக்கு அங்கே கிடைப்பது சில நிமிடங்கள். எந்தப் பல்கலைக்கழகம்? ஏன் இந்தப் படிப்பு? யார் பணம் கட்டுகிறார்கள்? படித்து முடித்ததும் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விதான் பொறி. அதற்கு அண்ணன்மார்களும் ஏஜெண்டுகளும் சொல்லிக்கொடுத்து அனுப்பும் பதில் ஒன்றுதான்: “இந்தியாவுக்குத் திரும்பி வருவேன்.”

காரணம் சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு, விசா கேட்டு வரும் மாணவரை அங்கேயே தங்கிவிட வருபவர் என்று வைத்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குகிறது. அப்படி இல்லை என்று அதிகாரிக்கு நம்பிக்கை ஏற்படுத்துவது மாணவரின் பொறுப்பு. தவறினால் கட்டிய கட்டணமும் போய்விடும்.

இருந்தும் கூட்டம் குறையவில்லை. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். பதினைந்து ஆண்டுகளில் முதல்முறையாகச் சீனாவை இந்தியா முந்தியது. அடுத்த ஆண்டு இந்த எண்ணிக்கை 3.63 லட்சமானது. 2025 மே இறுதியில் மாணவர் விசாவுக்குப் புதிய பேட்டி நாட்கள் கொடுப்பதை அமெரிக்கா நிறுத்தியது. ஜூனில் மீண்டும் தொடங்கியபோது, விண்ணப்பதாரர்கள் தங்கள் சமூக ஊடகப் பக்கங்களை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்றது. ஆகஸ்டில் வகுப்பு தொடங்க வேண்டியவர்கள் ஜூன் முழுக்கக் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

இந்தச் சந்தேகப் பார்வை ஏதோ நேற்று முளைத்தது என்று நினைப்பவர்கள், 1924இல் கப்பலேறிய ஒரு பெண்ணின் கதையைக் கேட்க வேண்டும்.

கதவு மூடிய ஆண்டில்

தலச்சேரியில் 1897இல் பிறந்த இ.கே. ஜானகி அம்மாள், சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். பிறகு சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தார். அங்கிருந்துதான் மிஷிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

அவர் போன காலம் விசித்திரமானது. 1917இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் இந்தியா உள்ளிட்ட ஆசியாவின் பெரும்பகுதியை ‘தடை செய்யப்பட்ட மண்டலம்’ என்று அறிவித்தது. இந்தியர்கள் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1924இல் வந்த குடியேற்றச் சட்டம் கதவை இன்னும் இறுக்கிச் சாத்தியது. அதில் ஒரு சின்ன இடுக்கு மட்டும் விடப்பட்டது: அது மாணவர்களுக்கானது. படித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்பதே அதன் அடிப்படை. அமெரிக்காவுக்கு வெளிநாட்டு மாணவர் என்பவர் அன்று முதல் விருந்தாளி. விருந்தாளியிடம் ‘எப்போது கிளம்புகிறீர்கள்?’ என்று கேட்பது அவர்களுக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றவில்லை.

அந்த இடுக்கு வழியாக ஜானகி அம்மாள் நுழைய உதவியது பார்பர் உதவித்தொகை. டெட்ராய்ட் வழக்கறிஞரும் மிஷிகன் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவில் இருந்தவருமான லீவை பார்பர், ஆசியப் பெண்கள் அங்கே படிப்பதற்காக 1917இல் ஏற்படுத்திய நிதி அது. ஒருமுறை அமெரிக்கத் துறைமுகத்தில் அதிகாரிகள் ஜானகி அம்மாளைத் தடுத்து நிறுத்தியதாகவும், பட்டுச் சேலையையும் நீண்ட கூந்தலையும் பார்த்து ‘நீங்கள் இந்திய இளவரசியா?’ என்று கேட்டதாகவும், அவர் அதை மறுக்காமல் இருந்துவிட்டதாகவும் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. விசா பேட்டிக்குப் பயிற்சி தரும் எவருக்கும் தோன்றாத உத்தி!

முதுகலை முடித்துச் சென்னைக்குத் திரும்பினார். மறுபடி மிஷிகன் போய் 1931இல் டாக்டர் பட்டம் வாங்கினார். சட்டம் எதிர்பார்த்தபடியே ஊர் திரும்பினார். வந்து சேர்ந்த இடம் திருவனந்தபுரம். பாளையத்தில் இன்று இருக்கும் யூனிவர்சிட்டி கல்லூரியின் முன்னோடியான மகாராஜா அறிவியல் கல்லூரியில், 1932இல் தாவரவியல் பேராசிரியரானார். பெண்ணுக்குக் கல்லூரிப் படிப்பே பெரிது என்றிருந்த நாளில் திருவிதாங்கூர் அவருக்குப் பேராசிரியர் நாற்காலியைக் கொடுத்தது.

ஆனால் இரண்டே ஆண்டுகள்தான். 1934இல் கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்விட்டார். மரபணு ஆராய்ச்சியாளருக்கு வேண்டிய கரும்புத் தோட்டமும் கலப்பினச் சோதனைகளும் அங்கேதான் இருந்தன. 1939இல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குப் போனபோது உலகப்போர் மூண்டது. இங்கிலாந்திலேயே தங்கினார். சி.டி. டார்லிங்டனுடன் சேர்ந்து எழுதிய பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ் 1945இல் வெளிவந்தது. அவரை மறுபடி இந்தியாவுக்கு வரவழைக்கப் பிரதமர் நேருவின் அழைப்பு தேவைப்பட்டது. இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1977இல் பத்மஸ்ரீ பெற்ற அவர் 1984இல் சென்னையில் காலமானார்.

திருவனந்தபுரத்தின் முதல் பதில் இதுதான்: வரவேற்றது, வைத்துக்கொள்ளவில்லை.

பிரின்ஸ்டனிலிருந்து தும்பாவுக்கு

இரண்டாவது பதில் கசப்பானது. நாகர்கோவிலில் பிறந்து மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படித்த நம்பி நாராயணன், 1966இல் தும்பா ராக்கெட் ஏவுதளத்தில் சேர்ந்தார். தேவாலயம் ஒன்றில் அலுவலகமும், சைக்கிளில் ராக்கெட் பாகங்களும் போய்வந்த காலம் அது. மனிதன் நிலவில் கால் வைத்த 1969இல், நாசா உதவித்தொகையில் அவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் சென்றார். ராக்கெட் எஞ்சின்களில் எரிதல் பற்றிய ஆராய்ச்சியில் பெயர்பெற்ற லூயிஜி குரோக்கோவிடம் படித்து ஓராண்டுக்குள்ளேயே முதுகலையை முடித்தார்.

அன்று வெளிநாடு போகும் இந்தியருக்கு ரிசர்வ் வங்கி அளந்துதான் அன்னியச் செலாவணி கொடுக்கும். எட்டு டாலரோடு விமானம் ஏறிய கதையைச் சொல்லாத பழைய மாணவர் அரிது. அப்படிப் போன பலருக்கு அமெரிக்க வேலை என்பது மறுக்க முடியாத வசதி. தனக்கும் அங்கேயே பணிபுரியும் வாய்ப்பு வந்ததாக நம்பி நாராயணன் சொல்லியிருக்கிறார். அவர் தும்பாவுக்கே திரும்பினார்.

கொண்டுவந்தது திரவ எரிபொருள் எஞ்சின் பற்றிய அறிவு. தும்பாவில் அன்று எல்லோரும் திட எரிபொருளில் மூழ்கியிருந்தார்கள். 1974இல் பிரான்சுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அங்கே வேலை கற்கப் போன இந்தியக் குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். அதிலிருந்து உருவானதே ‘விகாஸ்’ எஞ்சின். பிஎஸ்எல்வி ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தைத் தள்ளுவது அதுதான். 2008இல் சந்திரயான்-1, 2013இல் மங்கள்யான், 2023இல் சந்திரயான்-3 என்று நாடே கைதட்டிய பயணங்கள் எல்லாவற்றிலும் விகாஸ் இருந்தது.

பிஎஸ்எல்வி முதல் வெற்றியைப் பெற்றது 1994 அக்டோபர் 15. ஆறரை வாரம் கழித்து, நவம்பர் 30 அன்று, கேரளப் போலீசார் நம்பி நாராயணனைக் கைது செய்தார்கள். ராக்கெட் ரகசியங்களை விற்றார் என்பது குற்றச்சாட்டு. ஐம்பது நாட்கள் காவலில் இருந்தார். குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்று 1996இல் சிபிஐ சொன்னது. மாநில அரசு மறுவிசாரணைக்கு முயன்றபோது 1998இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. கைது தேவையற்றது என்று கூறி 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க அதே நீதிமன்றம் உத்தரவிட்டபோது ஆண்டு 2018. மறு ஆண்டு பத்மபூஷண் வந்தது. பிறகு கேரள அரசு மேலும் 1.3 கோடி ரூபாய் கொடுத்தது.

பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியும். கிரயோஜெனிக் எஞ்சின் திட்டத்துக்குத் தலைமை வகித்த ஒருவரின் ஐம்பதுகளை எந்த நீதிமன்றத்தாலும் திருப்பித் தர முடியாது.

ஒரு வால்வின் விலை

மூன்றாவது பதிலுக்காகத்தான் திருவனந்தபுரத்தை மன்னிக்கலாம். மாவேலிக்கரையைச் சேர்ந்த எம்.எஸ். வலியத்தான், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்தவர். இங்கிலாந்தில் அறுவை சிகிச்சையும், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஜார்ஜ்டவுன் போன்ற அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் இதய அறுவை சிகிச்சையும் கற்றார். 1970களின் தொடக்கத்தில் திரும்பி வந்த அவருக்கு முதல்வர் அச்சுத மேனனின் அரசு ஒரு புதிய மருத்துவமனையை உருவாக்கும் பொறுப்பைக் கொடுத்தது. திருவிதாங்கூர் அரச குடும்பம் கொடுத்த கட்டடம் இருந்தது. அதுவே ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையம்.

ருமாட்டிக் காய்ச்சலில் இதய வால்வு பழுதான ஏழைகளுக்கு வெளிநாட்டு வால்வு எட்டாத விலை. வலியத்தான் குழுவினர் பூஜப்புரை சாட்டல்மண்ட் அரண்மனையில் ஆய்வுக்கூடம் வைத்துத் தாங்களே ஒன்றைச் செய்ய முயன்றார்கள். முதல் மாதிரிகள் தோற்றன. ஒரே ஆண்டில் பலன் கேட்கும் அரசாக இருந்தால் அத்துடன் கதை முடிந்திருக்கும். 1990 டிசம்பரில் சித்ரா வால்வு முதல் நோயாளியின் இதயத்தில் பொருத்தப்பட்டது. இன்று டிடிகே நிறுவனத்தின் தயாரிப்பாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெஞ்சுகளுக்குள் அது போயிருக்கிறது. 2024இல் வலியத்தான் மறைந்தார். வால்வுகள் துடிக்கின்றன.

வந்தவருக்கு வேலை மட்டும் போதாது, தோற்க அனுமதியும் வேண்டும் என்பது இந்தக் கதையின் சாரம்.

பில் யார் பெயரில்?

மூவருக்கும் பொதுவான ஒரு விஷயம் உண்டு. அமெரிக்கப் படிப்புக்காக இவர்கள் யாருடைய வீட்டுப் பத்திரமும் அடகுக்குப் போகவில்லை. கடன் இல்லாததால் திரும்பும் சுதந்திரம் இருந்தது.

இன்றைய ஃபைல்காரர் நிலைமை வேறு. உதவித்தொகை இல்லாமல் இரண்டு ஆண்டு முதுகலை படிக்க, கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்த்து ஏறக்குறைய அரைக் கோடி ரூபாய் ஆகிறது. ஏழரை லட்சத்துக்கு மேல் கடன் என்றால் வங்கிகள் வழக்கமாகச் சொத்துப் பிணை கேட்கின்றன. 50 லட்சம் ரூபாயைப் பத்து சதவீத வட்டியில் பத்து ஆண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை சுமார் 66,000 ரூபாய். கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் புதிதாகச் சேரும் இன்ஜினியர்கள் பலருடைய சம்பளம் அதில் பாதிதான். ஆகவே டாலரில் சம்பாதித்தே தீர வேண்டும். படிப்பு முடிந்ததும் ஓராண்டு வேலைப் பயிற்சி, விஞ்ஞான-தொழில்நுட்பப் பிரிவானால் மேலும் இரண்டு ஆண்டு, அதற்குள் ஆண்டுக்கு 85,000 பேருக்கு மட்டும் கிடைக்கும் ஹெச்-1பி விசாவின் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். ‘திரும்பி வருவேன்’ என்று ஜன்னலில் சொல்லும் இளைஞர் பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவருக்காக வங்கி ஏற்கெனவே வேறு பதிலை எழுதிவிட்டது.

செலவை வேறொருவர் ஏற்றாலும் பாதிக் கதைதான் முடியும். பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில் 1913இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார் அம்பேத்கர். நிபந்தனைப்படி 1917இல் பரோடாவுக்குப் பணியாற்றத் திரும்பினார். அரசு வேலை கிடைத்தது. தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. சாதி தெரிந்ததும் விடுதியிலிருந்து விரட்டப்பட்டார்.

வழிகள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் பி.எச்டி. சேரும் பலருக்கு, ஆசிரியர் உதவியாளராகவோ ஆராய்ச்சி உதவியாளராகவோ வேலை செய்வதால் கட்டணம் தள்ளுபடியாகி மாதத் தொகையும் கிடைக்கிறது. ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகை இருக்கிறது. அதில் போகிறவர் படித்து முடித்து இரண்டு ஆண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும். தலித் மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும், தமிழ்நாட்டில் அண்ணல் அம்பேத்கர் பெயரிலான திட்டமும் உண்டு. ஆனால் இடங்கள் சில. ரயிலில் போகிறவர்கள் ஆயிரம் ஆயிரம்.

திரும்பி வருவீர்களா என்று கேட்க அமெரிக்காவிடம் ஓர் அதிகாரி, ஒரு ஜன்னல், ஒரு சட்டப்பிரிவு எல்லாம் இருக்கின்றன. வந்தால் என்ன தருவோம் என்று சொல்ல நம்மிடம் ஒரு ஜன்னல்கூட இல்லை. ஜானகி அம்மாளுக்கு இரண்டு ஆண்டும், நம்பி நாராயணனுக்கு ஐம்பது நாளும், வலியத்தானுக்கு ஒரு மருத்துவமனையும் கொடுத்த நகரத்திலிருந்து இன்று மாலையும் சென்னை மெயில் புறப்படும். தலையணைக்கு அடியில் ஃபைல்கள் இருக்கும்.